பின்வாசலுக்கு எத்தனை கல்?

அக்டோபர் 5, ஞாயிறு

துணி காயவில்லை. முந்தாநாள் துவைத்த துண்டை இன்னமும் கொடிக்கும் அடுப்படிக்கும் நடுவே தூக்கிக்கொண்டு அலைகிறேன். இந்த வருஷம் குன்னூரில் ஐப்பசி மழை புரட்டாசியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து அஸ்வந்தின் அப்பா போன் செய்தார். எங்கள் மகள் மனிஷாவுக்கும் அஸ்வந்துக்கும் நிச்சயம் வைக்க நவம்பர் இரண்டு நல்ல நாளாம். எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் மெடிக்கல் கடையில் தலைவலி மாத்திரை கொடுக்கவே சீட்டை இரண்டு தடவை படித்துப் பார்க்கிறவர். ரமேஷ்குமாரிடம் அவசரத்துக்கு மருந்து வாங்க முடியாது என்று ஊருக்கே தெரியும். அந்த மனுஷன் இன்றைக்கு மூச்சுக்கூட விடாமல் சொன்னார்: "எங்க ஊட்டுலயே வெச்சுக்கலாங்க. பின்வாசல்ல அம்பது பேரு தாராளமா உக்காரலாம்."

போனை வைத்ததும் இரண்டு பேரும் போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தோம். சேறு. நடுவே பேரிக்காய் மரம். ஓரத்தில் போன வாரம் காணாமல் போன என் செருப்பு, பாதி முங்கியபடி.

"கல்லு போட்டா சரியாப் போயிரும்" என்றார்.

அக்டோபர் 6, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்தால் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு சிமெண்ட் கல். அருவங்காட்டுப் பக்கம் கல் வார்க்கிற இடத்திலிருந்து மாதிரிக்கு வாங்கி வந்தாராம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, சொரசொரப்பாக, வழுக்காது. கல் நல்ல கல்தான். ஆனால் ரசச் சட்டியை எங்கே வைக்க?

வாசலையும் அளந்துவிட்டாராம். நீளம் இருபத்துநாலு அடி, அகலம் பதினைந்து. முந்நூற்று அறுபது சதுர அடி. கல் ஒன்றரை அடி. வகுத்தால் இருநூற்று நாற்பது கல்.

எனக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் சாதம் குழைந்துகொண்டிருந்ததால் அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கல் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அக்டோபர் 8, புதன்

இடித்தது எங்கே என்று ஆபீஸில் தேயிலை மூட்டைக் கணக்கு தட்டும்போது பிடிபட்டது. கல் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி. அப்படியானால் ஒரு கல் அடைக்கிற இடம் ஒன்றரை சதுர அடி கிடையாது, இரண்டே கால்.

சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணரை அடிக் கல்லுன்னா ஒண்ணரை அடிதான? பத்து மாத்திரை அட்டைன்னா பத்து மாத்திரைதான?" என்றார். மாத்திரையும் கல்லும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டேன். எண்ணிக்கை எல்லாம் எண்ணிக்கைதான் என்றார்.

பழைய பேப்பரைக் கல் அளவுக்கு வெட்டினேன். அதை ஓரடிச் சதுரம் ஒன்று, அரை இரண்டு, கால் ஒன்று என்று நறுக்கி, கல்லின் மேலேயே பரப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "என்ற கணக்குல தப்பில்ல. கல்லு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குது, அதான் கொழப்பம்" என்றார்.

ஆக நூற்று அறுபது.

அதோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. டேப்பை எடுத்துப் போய் வாசலின் அந்தக் கோடியையும் அளந்தேன். அங்கே பதினைந்து அடி இல்லை, பத்தரைதான். தடுப்புச் சுவர் சாய்ந்து சாய்ந்து உள்ளே வருகிறது. இவர் அளந்தது கதவுப் பக்கம் மட்டும். சராசரி பார்த்து வகுத்தால் நூற்று முப்பத்தாறு.

மழையில் டேப் சுருங்கியிருக்கும் என்கிறார். சுருங்கினால் அளவு கூடத்தானே வரும்? கேட்டேன். டிவி சத்தம் மட்டும் கூடியது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்றைக்குக் கல் சண்டையில் வேறு சண்டை நுழைந்துவிட்டது.

யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். மனிஷா தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அத்தைக்கு யாரு சொல்றீங்க?" என்று கேட்டாள். இரண்டு பேரும் கல்லைப் பார்த்தோம்.

அத்தை என்றால் இவருடைய அக்கா மருதாம்பாள், எனக்கு நங்கையா. சோலூரில் காரட் விவசாயம். இந்த வீட்டுப் புதுமனை புகுவிழாவோடு பேச்சுவார்த்தை நின்றது. காரணத்தை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பத்திரிகையில் நங்கையா வீட்டுக்காரர் பெயர் 'தங்கவேலு' என்பதற்குப் பதிலாக 'தங்கவேல்' என்று அச்சாகிவிட்டது. தங்கவேலு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நங்கையாதான், "என்ற ஊட்டுக்காரர் பேர்ல ஒரு எழுத்து போடறதுக்கு உங்களுக்கு மனசு வரலியா" என்று கேட்டுவிட்டுப் போனவர். நாங்கள் அச்சகத்தைச் சொன்னோம். அச்சகம் எங்களைச் சொன்னது. அந்த ஒரு எழுத்து அப்படியே வளர்ந்து மதில் மாதிரி நின்றுவிட்டது. இப்போது வாட்ஸப்பில் ஒருத்தர் ஸ்டேட்டஸை ஒருத்தர் பார்க்கிறதோடு சரி.

பெண்ணின் அத்தை இல்லாமல் யார் தட்டு மாற்றுவது? கூப்பிடத்தான் வேண்டும். யார் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி. உன் நங்கையா, நீ கூப்பிடு என்கிறார். உங்க அக்கா, நீங்க கூப்பிடுங்க என்கிறேன்.

கடைசியில் இவர்தான் ஆரம்பித்தார்: "சரி, பந்தயம். நீ நூத்தி முப்பத்தாறு, நான் நூத்தி அறுபது. கடைசில வாசலுக்கு எத்தன கல்லு ஆகுதோ, யாரு சொன்னது அதுக்குப் பக்கமோ அவங்க தப்பிச்சாங்க. தோத்தவங்க போன் பண்ணோணும்."

கையில் அடித்து ஒத்துக்கொண்டோம். மனிஷா தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

பக்கத்து வீட்டு பிராங்ளின் சார் ரிடையர்டு டிராயிங் மாஸ்டர். நியாயம் சொல்ல அவரைக் கூப்பிட்டோம். குடை, டேப், ஸ்கேல், மூன்று விதப் பென்சில் என்று வந்தார். காலையிலிருந்து மதியம் வரை வரைந்தார். பேரிக்காய் மரத்துக்கு இலைகூடப் போட்டிருந்தார். சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்கையும் விடவில்லை.

வரைந்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, "மேடம், உங்க வாசல் ஒரு சரிவகம்" என்றார்.

எத்தனை கல் ஆகும் என்று கேட்டேன். அது கணக்கு டிபார்ட்மெண்ட் என்றார். டீயும் நாலு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

படம் அழகாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

கொத்தனார் சுப்பண்ணன் வந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரவர் கணக்கைச் சொன்னோம். கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. அவர் மரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நூத்தம்பது எறக்கிருங்க" என்றார்.

எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். என்னதான் இருந்தாலும் அனுபவம் இல்லையா.

"கணக்கெல்லாம் இல்லீங். நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவரு ஒண்ணு சொல்றாரு. நான் எந்த ஊட்டுக்குப் போனாலும் ரெண்டுக்கும் நடுவால ஒண்ணச் சொல்லிருவேன். இல்லாட்டி வேலை நடக்காதுங்."

அக்டோபர் 17, வெள்ளி

கல் வந்தது. மேஜை மேலிருந்த மாதிரிக் கல்லையும் சேர்த்துத்தான் நூற்றைம்பது என்று லாரிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அது வெளியே போனதும் மேஜை ஏதோ மைதானம் மாதிரி ஆகிவிட்டது. இவர் ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ணினார். நடுவே கடையிலிருந்து போன் வந்து எண்ணிக்கை தவறிப்போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சரியாகத்தான் இருந்ததாம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. நங்கையா ஸ்டேட்டஸில் அதிரசம் போட்டிருந்தார். பார்த்தேன். நான் முறுக்கு போட்டேன். பார்த்தார்.

அக்டோபர் 23, வியாழன்

வேலை ஆரம்பம். சுப்பண்ணன் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போட்டுக்கொண்டு வருகிறார். கலவை குழைக்க இடம் வேண்டுமே, அதனால் நடுவை மட்டும் கடைசிக்கு விட்டிருக்கிறார். தண்ணீர் ஓட வாட்டம் விட்டு, மரத்தைச் சுற்றி வளையம் விட்டு, சாய்ந்த பக்கத்துக்குக் கல்லை வெட்டி வெட்டிப் போடுகிறார். வெட்டின மிச்சத்தில் பாதி எதற்கும் உதவாது போல. இது என் கணக்கில் இல்லை.

மரத்தைச் சுற்றி விட்ட வளையம் இவர் கணக்கில் இல்லை.

சாயங்காலம் வாசலின் இரண்டு மூலையிலும் நின்று இரண்டு பேரும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தோம். மனிஷா ஜன்னலில் நின்று வீடியோ எடுத்தாள். யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

அக்டோபர் 25, சனி

விடிந்தும் விடியாமலும் வெளியே மூச்சு விடுகிற சத்தம். பனிமூட்டத்தில் பின்வாசலில் ஏதோ மேடு மாதிரி தெரிந்தது. மேடு தலையைத் திருப்பிப் பார்த்தது. காட்டெருமை. அடுக்கி வைத்த மிச்சக் கல்லுக்குப் பக்கத்தில், நிச்சயத்துக்கு முதல் ஆளாக வந்த மாதிரி நிதானமாக நின்றுகொண்டிருந்தது.

இந்த ஊரில் அது வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், தானாகப் போய்விடும். எல்லோருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் தடுப்பதற்குள் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து ஜன்னல் வழியாகக் கரண்டியால் அடித்துவிட்டார்.

அது பயந்து ஒரு திரும்பு திரும்பியது. அவ்வளவுதான். அடுக்கு சாய்ந்தது. அது பாட்டுக்கு வேலியைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. ஒன்பது கல் சுக்குநூறு.

அக்டோபர் 26, ஞாயிறு

புதுச் சண்டை. உடைந்த ஒன்பதும் கணக்கில் சேருமா, சேராதா?

சேரும் என்கிறார். வாசலுக்காக வாங்கினது, வாசலில்தான் உடைந்தது. சேர்த்தால் அவர் எண்ணுக்குப் பக்கம் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? வாசலுக்கு எத்தனை ஆகிறது என்பதுதான் பேச்சு, காட்டெருமைக்கு எத்தனை ஆகிறது என்பது இல்லை என்றேன். அப்படியானால் உடைத்தது காட்டெருமைதானே, தான் எப்படிப் பொறுப்பாவேன் என்றார். நான் இன்னும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனிதருக்கு உள்ளே உறுத்துகிறது.

சாய்ந்த பக்கத்துக்கு ஏற்கெனவே துண்டு போட்டு முடிந்தாயிற்று. இல்லாவிட்டால் உடைந்ததை அங்கே வைத்திருக்கலாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

இருந்த கல்லெல்லாம் தீர்ந்தது. வாசலுக்கு நடுவே, ஜமக்காளம் விரிக்க வேண்டிய இடத்தில், சொட்டைத் தலை மாதிரி ஒரு பள்ளம். இன்னும் ஏழு வேண்டும் என்று சுப்பண்ணன் சொன்னார்.

போட்டது நூற்று நாற்பத்தொன்று, இன்னும் ஏழு. மொத்தம் நூற்று நாற்பத்தெட்டு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் எண்ணிலிருந்து பன்னிரண்டு தள்ளி. அவர் எண்ணிலிருந்தும் பன்னிரண்டு தள்ளி. இவர் போனில் கால்குலேட்டரைத் திறந்து போட்டுப் பார்த்தார். அதிலும் அதேதான் வந்தது.

யாரும் தோற்கவில்லை. யாரும் நங்கையாவுக்குப் போன் செய்ய வேண்டியதில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம் அருவங்காட்டுக்குப் போன் பண்ணினார். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வரவில்லையாம், வார்க்கிற இடமே பூட்டிக் கிடக்கிறதாம். ஊட்டியில் கேட்டார். ஓரடிக் கல் இருக்கிறது, இரண்டடிக் கல் இருக்கிறது, ஒன்றரை அடி இல்லை. மேட்டுப்பாளையத்திலும் இல்லை. சிமெண்ட் கொட்டி மெழுகிவிடலாமா என்று சுப்பண்ணனைக் கேட்டோம். இந்த ஈரத்தில் அது காய்வதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும் என்றார்.

மழை வேற வலுத்துருச்சு. பள்ளத்துல தண்ணி ரொம்பிக் கெடக்குது. எனக்கு ஏனோ தாங்கல. என்ன பொழப்பு இது. கல்லு இல்ல, கூப்பிட வேண்டிய மனுசிய இன்னும் கூப்பிடல, நல்ல நாளு வந்து தலைமேல நிக்குது, நாங்க ரெண்டு பேரும் பன்னண்டு பெருசா பன்னண்டு சிறுசான்னு பாத்துட்டு நிக்கறோம். அடுப்படியில நின்னு அழுதுட்டேன். வெங்காயம்னு சொல்லலாம்னா கையில பூண்டு.

மனிஷா வந்து பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் பூண்டு உரித்தாள். பிறகுதான் சொன்னாள்: "அம்மா, அத்தைகிட்ட நான் தெனமும் பேசிட்டுத்தான் இருக்கேன்."

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"சண்டை போட்டது நீங்கதான? நான் எதுக்கு நிறுத்தோணும்?"

வீடியோ யாருக்குப் போனது என்று இப்போது தெரிந்தது.

அக்டோபர் 30, வியாழன்

விவரமாக எழுத வேண்டும்.

காலையில் முன்வாசலில் காரட் வண்டி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து நங்கையா இறங்கினார். முடி கொஞ்சம் நரைத்திருக்கிறது, நடை அதே நடை. இவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர், ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடி வந்து, "வாக்கா" என்றார். நான் வாங்க நங்கையா என்றேன். சொன்னேனா, நினைத்ததோடு சரியா, நிச்சயமாகத் தெரியவில்லை.

எங்கள் இரண்டு பேரையும் தாண்டி நேராகப் பின்வாசலுக்குப் போனார். பள்ளத்தைப் பார்த்தார். வாசலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த மர முக்காலியில் உட்கார்ந்து, தம்பியைப் பார்த்துக் கேட்டார்:

"என்னக் கூப்புடறதுக்குப் பந்தயம் கட்டுனீங்களாமா?"

மனிஷா வீட்டுக்குள் போய்விட்டாள்.

"தோத்தவங்க கூப்புடோணுமாமா. என்னக் கூப்புடறது அத்தன பெரிய தண்டனையா, தம்பி?"

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பள்ளமும் பக்கத்திலேயேதான் இருந்தது. இவர் முகத்து நுரை வழிந்து சட்டையில் விழுந்தது. துடைக்கவில்லை.

"இல்லக்கா" என்றார். "கூப்பிட்டு, நீ எடுக்காம உட்டுட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு."

இது எனக்கே தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை.

நங்கையா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பேரிக்காய் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எடுத்திருக்க மாட்டேன்" என்றார். "ரெண்டு தடவ. மூணாந்தடவ எடுத்திருப்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நின்னுட்டே இருக்கற, காப்பி போடு கண்ணு. வண்டிக்காரருக்கும் சேத்து" என்றார்.

போட்டேன். சர்க்கரையை மறந்துவிட்டேன். மடமடவென்று குடித்துவிட்டார்.

கல் விஷயம்: சோலூரில் காரட் கழுவுகிற இடத்துக்கு அண்ணன் போட்டது இதே ஒன்றரை அடிக் கல்லாம். மிச்சம் கிடந்ததை மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். ஏழு வேண்டும் என்று மனிஷா சொன்னதற்கு, எங்கள் கணக்கை நம்பாமல் பதினொன்று எடுத்து வந்தாராம்.

மலை ரோட்டு வளைவில் ஐந்து உடைந்திருந்தது.

நவம்பர் 1, சனி

ஆறு கல்லும் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. நேற்று முழுக்க நானும் நங்கையாவும் பிரஷ் வைத்துத் தேய்த்தோம். காரட் விலையைப் பற்றிப் பேசினோம், மனிஷாவின் மாமியார் எப்படி என்று பேசினோம், சுகர் மாத்திரையைப் பற்றிப் பேசினோம். வேறு எதையும் பேசவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

இன்றைக்கு சுப்பண்ணன் போட்டு முடித்தார். நல்ல வேளை, மழை விட்டது. வாசல் நன்றாக இருக்கிறது. நிஜமாகவே நன்றாக இருக்கிறது, அந்த ஒரு கல் இடத்தைத் தவிர. நட்டநடுவில், ஒன்றரை அடிச் சதுரத்தில், சேறு.

பலகை போட்டுப் பார்த்தோம், ஆடுகிறது. ஜமக்காளத்தால் மூடினால் யாராவது காலை விட்டு விழுவார்கள், அதுவும் சம்பந்தி வீட்டாராகத்தான் இருப்பார்கள். கடைசியில் இவருடைய மருந்துக் கடையிலிருந்து பெரிய மர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, நாலு காலும் பள்ளத்துக்கு வெளியே வருகிற மாதிரி வைத்தோம். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

"யாராச்சும் நகத்திட்டா?" என்று இவர் கேட்டார்.

நங்கையா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

படுக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு கல் குறைந்ததால் போட்டது நூற்று நாற்பத்தேழு. என் எண்ணுக்கு ஒன்று பக்கம். நான் ஜெயித்துவிட்டேன். இவரிடம் சொன்னேன். "சரி, இப்பப் போன் பண்ணட்டுமா?" என்று கேட்டார். பக்கத்து அறையிலிருந்து நங்கையாவின் குறட்டை நன்றாகக் கேட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

கால் கடுக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுக்கப்போகிறேன்.

மழை இல்லை. வெயில்கூட அடித்தது. பொள்ளாச்சிக்காரர்களுக்கு அதுவே குளிர். அஸ்வந்தின் சித்தப்பா குரங்குக் குல்லாவோடு வந்தார். அவர்கள் வண்டி வருவதற்கு முன்பே நங்கையா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சேலையை விசிறி மாதிரி கீழ் வரைக்கும் பரப்பிக்கொண்டார்.

எழுந்திருக்கவில்லை.

சம்பந்தி வீட்டார் வந்தபோது எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கும்பிட்டு, வாங்க என்றார். அஸ்வந்தின் அம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு, இது ஏதோ மரியாதைக்குரிய பெரிய மனுசி போல என்று நினைத்திருக்க வேண்டும், அவரே கிட்டப் போய்க் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்து அஸ்வந்த் வந்து காலில் விழுந்தான். அவனைப் பார்த்து அவன் தம்பிகள் விழுந்தார்கள். குல்லா போட்ட சித்தப்பாவும் விழுந்தார். அவருக்கு நங்கையாவை விட வயது கூட இருக்கும்.

தட்டு மாற்றும்போது எல்லோரும் நங்கையா இருந்த இடத்துக்கே வந்தோம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் நங்கையா. உப்பும் சர்க்கரையும் அவர் மடிக்கு மேலேயே கை மாறின. மனிஷா சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பெண்ணுக்கு எத்தனை வெட்கம் பாருங்கள் என்று அந்தப் பக்கத்து அம்மா ஒருத்தர் மெச்சினார்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் உள்ளே போனபோதும் வரவில்லை. சும்மா இருக்கிற நாற்காலியை யாராவது இழுத்துப் போட்டுவிட்டால்? இலையை மடியில் வைத்தே சாப்பிட்டார். நான் பரிமாறினேன். தங்கவேலு அண்ணன் வந்து, என்னாச்சு, காலு ஏதும் புடிச்சுக்குச்சா என்று கவலையாகக் கேட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நங்கையா அவரைப் பார்த்த பார்வையில் பேசாமல் பாயசம் வாங்கப் போய்விட்டார்.

பொள்ளாச்சி வண்டி வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் நங்கையா அசைந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நிஜமாகவே கால் மரத்துப்போய்விட்டது. இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தூக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சிரிக்க நாங்களும் சிரித்து, மூன்று பேரும் விழப் பார்த்தோம்.

நவம்பர் 5, புதன்

காலையில் அஸ்வந்தின் அம்மா பேசினார். கல்யாண மண்டபம் கோயமுத்தூரிலா, பொள்ளாச்சியிலா என்று கேட்டார். நாங்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றதற்கு, அவசரமில்லைங்க, மருதாம்பாள் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே சொல்லுங்க, உங்க ஊட்டுல எல்லாம் அவங்க முடிவுதானுங்களே என்றார். இவர் ஆமாங்க என்று சொல்லிவிட்டு, உடனே சோலூருக்குப் போன் போட்டார். பேசினார்கள், பேசினார்கள், கடைக்கு நேரமாகியும் பேசினார்கள்.

மதியம் போட்டோக்காரர் படமெல்லாம் அனுப்பியிருந்தார். குடும்பப் படத்தில் எல்லோரும் நிற்கிறோம். நங்கையா மட்டும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். சேலை ஒரு ஓரத்தில் லேசாக விலகி, நாற்காலிக்குக் கீழே கறுப்பாக ஒரு மூலை தெரிகிறது.

அதைப் பார்த்துப் போட்டோக்காரரே போன் செய்தார். அம்மா காலடியில் ஏதோ கறை மாதிரி விழுந்திருக்கிறது, கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், அப்படியே பெரிதாகப் போட்டுக் கொடுங்கள் என்றேன். இரண்டு பிரதி. ஒன்று சோலூருக்கு.